கோட்டைக்குள் ஒரு மிலிட்டரி ஓட்டல்

ராயபுரத்தில் ரயிலேறினால் அடுத்தது பீச், அதற்கடுத்தது கோட்டை. அந்தக் கோட்டைக்குள்தான் மதராஸின் முதல் மிலிட்டரி ஓட்டல் நடந்தது. பீரங்கி வைத்து நடத்தியதால் பெயர்ப் பொருத்தத்துக்குக் குறைவில்லை. முதலாளி கிழக்கிந்தியக் கும்பினி. கல்லா லண்டனில்.

சப்ளையருக்கு அங்கே 'ரைட்டர்' என்று பெயர். சம்பளம் வருஷத்துக்கு 10 பவுண்டு. மாதக்கணக்கில் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்து சேர்ந்த பையன், "இதை வச்சு எப்படிப் பொழைக்கிறது?" என்று கேட்டால் முதலாளியிடம் பதில் தயார்: "டேபிள்ல பாத்துக்கோ தம்பி." அதாவது, ஆசியாவுக்குள் சொந்த வியாபாரம் செய்துகொள், ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கை மட்டும் தொடாதே. நவாபு கொடுக்கும் 'அன்பளிப்பு' தனி. சாப்பிடாத பில்லுக்கு டிப்ஸ் வைத்தது ஊர்ச்சனம்.

1672இல் அப்படி வந்திறங்கியவர் எலிகு யேல். 1687இல் கவர்னர். தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்குவான். இவர் அடையையே வீட்டுக்குக் கொண்டுபோனார். புகார்கள் குவிந்து, 1692இல் முதலாளி அவரைப் பதவியிலிருந்து தூக்கினார். என்ன பயன்? மனிதர் பெரும் பணக்காரராக லண்டன் திரும்பினார். 1718இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குப் புத்தகங்கள், ராஜா படம், கூடவே சில மூட்டைச் சரக்கு அனுப்பினார். மூட்டைகள் 562 பவுண்டுக்கு விலைபோயின. கல்லூரி நன்றிப்பெருக்கில் தன் பெயரையே 'யேல்' என்று வைத்துக்கொண்டது. டிப்ஸ் வாங்கிச் சேர்த்தவர் டிப்ஸ் வைத்த லட்சணம் அது. இவ்வளவு மலிவாக எவனுக்கும் சலாம் கிடைத்ததில்லை.

மேலிடத்துக்குப் புத்தி வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1773இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு, "அன்பளிப்பு வாங்காதே" என்று சட்டம் போட்டது. சட்டத்தைத் தின்றால் வயிறு நிறையுமா? 1786இல் வங்காளத்துக்குக் கவர்னர் ஜெனரலாக வந்த காரன்வாலிஸ்தான் சூட்சுமத்தைப் பிடித்தார். கலெக்டருக்கு மாதம் 1,500 ரூபாய், மேற்கொண்டு கமிஷன். இனி கை நீட்டினால் வேலை போகும் என்றார்.

கும்பினி போய்விட்டது, அதன் பழைய சம்பளக் கணக்கு மட்டும் தேரடி, தண்டையார்பேட்டை ஓட்டல்களில் உயிரோடிருக்கிறது. சோம்புத் தட்டுச் சில்லறையைக் காட்டி இன்றும் சம்பளம் பேசுகிற முதலாளிகள் உண்டு. அதற்கும் ஜிபே வந்து ஆப்பு வைத்தது. வாடிக்கையாளர் பைசா பிசகாமல் ஸ்கேன் பண்ணிவிட்டுப் போகிறார். தட்டில் மிஞ்சுவது சோம்பு மட்டுமே. டிப்ஸ் என்பது முதலாளி கொடுக்கும் சம்பளம் ஆகாது, வசூலித்தாலும் அவர் வெறுமனே கைமாற்றிவிடுகிறவர்தான் என்று உச்ச நீதிமன்றமே 2016இல், வருமான வரி வழக்கொன்றில் சொல்லிவிட்டது.

ஆகவே முதலாளிமாரே, டிப்ஸ் கொடுப்பது எங்கள் இஷ்டம், சம்பளம் கொடுப்பது உங்கள் கடன். கொடுக்காவிட்டால் உங்கள் சப்ளையர் யேல் மாதிரி கோடீஸ்வரர் ஆகிவிடப் போவதில்லை. எதிர்க்கடைக்குப் போய்விடுவார், அவ்வளவுதான்.