பொறுத்தார் முதுமாணி ஆள்வார்

சனிக்கிழமை விடியற்காலை மூன்றரை மணி. மாத்தளை பஸ் நிலையத்தில் தேத்தண்ணிக் கடைக்காரரையும் நாய்களையும் தவிர இன்னொருத்தனும் விழித்திருக்கிறான். கழுத்தில் டை, காலில் செருப்பு. சப்பாத்து பைக்குள் இருக்கிறது. அதைக் கொழும்பில் இறங்கித்தான் போடுவான், தோட்டத்துச் சேறு வகுப்பறைக்குள் வரக்கூடாதாம்.

தம்பிக்கு வயது 31. நுண்கடன் கம்பனியொன்றில் வேலை. கிழமை நாட்களில் ரத்தோட்டைப் பக்கம் லயம் லயமாக ஏறி இறங்கிப் பெண்களிடம் தவணை அறவிடுகிறான். சனி, ஞாயிறில் வணிக நிர்வாக முதுமாணி, சுருக்கமாக எம்பிஏ.

இந்தப் படிப்பை எப்போது தொடங்குவது என்று அவன் முதலில் கேட்டது 25 வயதில். கம்பனியின் பிராந்தியப் பெரியவர், "அனுபவம் எடுங்க தம்பி, என்ன அவசரம்?" என்றார். 28இல் கேட்டபோது, "நாடு இருக்கிற நிலைமையில இது தேவையா?" என்றார். 30இல் கேட்டபோது கவலையோடு தலையை ஆட்டி, "கொஞ்சம் முந்தியே செய்திருக்கலாமே!" என்றார். முந்தி என்பது எந்தக் கிழமை என்று பெரியவர் சொல்லவில்லை. அவருடைய மகனுக்கு மட்டும் ராகு காலம், எமகண்டம் எதுவும் குறுக்கே வரவில்லை. வெளிநாட்டில் 24 வயதில் படித்து முடித்து வந்து நேரே நாற்காலியில் அமர்ந்தார். அனுபவம் பிறகு தானாக வருமாம்.

பெரியவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நாலு இடத்தில் அடிபட்டவனுக்குத்தான் முகாமைத்துவப் பாடம் மண்டையில் ஏறும். ஆனால் இந்தப் பையன் மூன்று வருஷமாகக் கிளையின் "பதில்" முகாமையாளர். சாவி இவனிடம், கணக்கு இவனிடம், திட்டு இவனுக்கு. சம்பளம் மட்டும் கள உத்தியோகத்தருடையது. கிளையை நடத்த முதுமாணி தேவைப்படவில்லை. பெயர்ப்பலகையில் "பதில்" என்ற சொல்லை அழிப்பதற்குத்தான் பல இலட்சம் ரூபாய்ப் பட்டம் வேண்டுமாம்!

பொறு என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த தோட்டத்துச் சனம் நாங்கள். 1823இலிருந்து எண்ணி, 200 வருஷம் ஆனதென்று 2023 ஜூலை 28ஆம் திகதி அதே வழியில் நடைபயணம் புறப்பட்டு, ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடித்தோம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டோம், பொறு என்றார்கள். வருஷக்கணக்கில் பொறுத்து 2021இல் கைக்கு வந்தது. அடுத்த வருஷமே பணவீக்கம் கொழும்புக் கணக்கில் 70 சதவீதத்தை நெருங்கியது. ஆயிரம் ரூபாய்த் தாள் அப்படியே இருந்தது, அதற்குக் கிடைத்த அரிசியும் மாவும்தான் சுருங்கிப் போயின.

பையனின் சேமிப்புக்கும் அதே கதிதான். பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றின் பட்டத்தைக் கொழும்பில் வைத்தே கொடுக்கும் கல்லூரி அது, கட்டணம் பவுணில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ச் சொச்சம், மே மாதத்தில் 360. பவுணும் கூடவே ஏறியது. அனுபவம் சேரட்டும் என்று பொறுத்த காலத்தில் கட்டணம் ரூபாய்க் கணக்கில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆயிற்று. பொறு என்று சொன்ன வாய்க்கு யாராவது வட்டி போட்டார்களா?

சரி, அங்கே என்னதான் படிக்கிறான்? சென்ற மாதம் நேர முகாமைத்துவம். நாலு மணி நேரம் தூங்கி எழுந்து, கால் கடுக்க பஸ்ஸில் நின்று வந்தவனுக்கு நேரத்தை வீணாக்காதே என்று பாடம். அதற்குப் பிறகு மாஸ்லோ, 1943இல் எழுதிய தேவைகளின் படிநிலை. விரிவுரையாளர் முக்கோணம் வரைந்து, "அடித்தட்டு உணவு, உறைவிடம். அது நம் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது, மேலே போவோம்" என்றாராம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவிலிருந்து வந்தவன் அதையும் குறிப்பெடுத்துக்கொண்டான், பரீட்சைக்கு வருமாம்.

ஒரு சனிக்கிழமை வசூல் குறைந்ததென்று கம்பனி லீவு தரவில்லை. வகுப்பில் வரவு குறைந்தது, பரீட்சை எழுத விடமாட்டோம் என்று எச்சரிக்கைக் கடிதம். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். கொழுந்தின் நிறை குறைந்தால் அரை நாள் சம்பளம், அதாவது அரைப் பேர் வாங்கியே காலம் கழித்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "அங்கயும் அரைப் பேருதானாப்பா?" என்றாள்.

பட்டம் கிடைத்ததும் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். முத்துமாரியம்மன் தேர்த் திருவிழா நோட்டீசில் உபயகாரர் பெயருக்குப் பின்னால் எம்பிஏ, அடைப்புக்குறிக்குள் யூகே. ஆள் கட்டுநாயக்காவைத் தாண்டியிருக்க மாட்டார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பட்டமில்லாத பெயரை இந்த ஊர் எந்த வரிசையில் நிறுத்துகிறது என்று அவர்களுக்கும் தெரியும்.

கடைசித் தவணைக்கு இரண்டு இலட்சம் குறைந்தது. அம்மா வேறொரு கம்பனியில் குழுக்கடன் எடுத்தாள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் மகன்தான், தொழிலே அதுதானே. கடனின் நோக்கம் என்ற இடத்தில் மகனின் முதுமாணி என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். "மாடு வளர்ப்பு" என்று எழுதினான்.

திங்கள் காலை சோதனைக்கு வந்த அந்தக் கம்பனிப் பையனும் டை கட்டியிருந்தான். வாசலைப் பார்த்தான், கொட்டிலைத் தேடினான்.

"மாடு எங்கம்மா?"

நடுச்சாமத்தில் கொழும்பிலிருந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சுருண்டு கிடந்தவனை அவள் கைகாட்டினாள்.