குடும்பத்தோடு சிங்கப்பூர்: எது நினைவில் நிற்கும்?

கேள்வி: பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே ஊர் பிடித்துப்போவது நடக்கிற காரியமா?

பதில்: சிங்கப்பூரில் நடக்கும். கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்குச் சுமார் 50 கி.மீ.தான். காலையில் பாட்டிக்குக் கோயில், மாலையில் பேரனுக்கு விலங்குத் தோட்டம் என்று ஒரே நாளைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் அங்கே அதிகாரத்துவ மொழி. எம்ஆர்டி ரயிலில் தமிழிலும் அறிவிப்பு ஒலிக்கும்போது பாட்டிக்கு வெளிநாட்டுப் பயம் பாதி குறைந்துவிடுகிறது.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தையை அழைத்துச் சென்றால் அதற்கு என்ன நினைவிருக்கும்?

பதில்: அநேகமாக எதுவும் இருக்காது. பெரியவர்கள் பலருக்கும் எட்டுகிற மிகப் பழைய நினைவே மூன்று, மூன்றரை வயதை ஒட்டியதுதான். ஐந்து வயதைத் தாண்டிய குழந்தை நன்றாக நினைவு வைத்துக்கொள்ளும். அதற்குச் சரியான இடம் 1973இல் திறக்கப்பட்ட விலங்குத் தோட்டம். அங்கே பல விலங்குகளுக்கும் பார்வையாளருக்கும் நடுவே கம்பி கிடையாது, அகழிதான் வேலி. பக்கத்திலேயே 1994இல் தொடங்கிய நைட் சஃபாரி, இரவில் நடமாடும் விலங்குகளுக்கென்றே அமைந்த உலகின் முதல் தோட்டம். தூங்கும் நேரத்தில் விழித்திருக்கச் சொல்லும் சுற்றுலாவை எந்தக் குழந்தையும் எளிதில் மறக்காது.

கேள்வி: காசைக் கொட்டினால்தான் நல்ல நினைவு கிடைக்குமா?

பதில்: இல்லவே இல்லை. சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலைக்கும் கிடையாது. 1859இல் தொடங்கி, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமான தாவரவியல் பூங்காவிலும் இலவசமாக நடக்கலாம்; உள்ளேயிருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: தாத்தாவுக்குக் கதை சொல்ல ஏதாவது கிடைக்குமா?

பதில்: சவுத் பிரிட்ஜ் சாலை ஒன்றே போதும். சைனாடவுனில் இருக்கும் இச்சாலையில் 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில் நிற்கிறது. நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸோடு 1819இல் சிங்கப்பூர் வந்தவர் அவர். சற்றுத் தள்ளி, தமிழ் முஸ்லிம்களான சூலியர் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசல். சீனர் கடைகளுக்கு நடுவே கோபுரமும் மினாராவும் அண்டைவீடுகளாக நிற்பதைப் பேரனுக்குக் காட்ட, தாத்தாவைவிடத் தகுந்த வழிகாட்டி கிடையாது.

கேள்வி: ஒருவருக்குத் தோசை, ஒருவருக்கு நூடுல்ஸ். சண்டையில்லாமல் சாப்பிட வழி உண்டா?

பதில்: உணவங்காடி நிலையங்கள் இதற்கென்றே அமைந்தவைபோல் இருக்கின்றன. மேசை ஒன்று, கடைகள் பல. லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தில் தோசையும் பிரியாணியும் கோழிச்சோறும் ஒரே மேசைக்கு வந்துவிடும். இந்த உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சாப்பிட்ட தட்டை அவரவரே உரிய இடத்தில் வைப்பது 2021 முதல் கட்டாயம். குழந்தைகள் ஊருக்கு எடுத்துவரத் தகுந்த பழக்கம் அது.

கேள்வி: ஆயிரம் படம் எடுத்தால் ஆயிரம் நினைவா?

பதில்: கணக்கு அப்படி வருவதில்லை. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படமெடுத்தவர்களுக்கு, கண்ணால் மட்டும் பார்த்தவற்றைவிட அவை குறைவாகவே நினைவிருந்தன. ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. ஆகவே முதலில் பார்ப்பது, பிறகு நிதானமாகச் சில படங்கள் எடுப்பது என்பதே நல்ல வரிசை. ஊர் திரும்பியபின் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு “அப்போது என்ன நடந்தது?” என்று குழந்தையைப் பேசவைக்க வேண்டும். பெற்றோர் கேட்கக் கேட்கச் சொல்லிப் பழகும் பிள்ளைகளிடம் பயணத்தின் நினைவு விவரமாகத் தங்குகிறது.