எழுவான்கரை வீடுகளில் நில ஓதம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

மட்டக்களப்பு வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திடலாகக் கிடக்கும் எழுவான்கரையில் மாரி பிறந்தால் கிணற்று நீர் மேலேறும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் வாவியும் வீங்கும். அந்நாட்களில் சீமெந்து நிலம் போட்ட வீடுகளில் விடியற்காலை எழும் வினா ஒன்றே: "இந்த நிலம் ஏன் கா நனைஞ்சு கிடக்கு?"

அறிஞருலகம் இவ்வினாவைப் பொருட்படுத்தியதில்லை. புளியந்தீவில் போர்த்துக்கீசர் 1628இல் எழுப்பிய கோட்டை பத்தே ஆண்டில் ஒல்லாந்தர் கைக்குப் போனது. பீரங்கியே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதிவிட்டார்கள். நில ஓதத்தை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஓதம் பார்ப்பதில் பள்ளிகள் மூன்று. மூத்தது உள்ளங்கால் பள்ளி. அம்மம்மா செருப்பைக் கழற்றி, குதிக்காலை ஊன்றி, பெருவிரலால் ஒருமுறை அரக்கிப் பார்த்து "ஓதம் கிடக்கு" என்பார். மேல்முறையீடு கிடையாது. அடுத்தது பாய்ப் பள்ளி: இரவு விரித்த பன்பாயைக் காலையில் புரட்டி அடிப்பக்கத்தை மணந்து பார்ப்பது. பூஞ்சண வாடையில் தேர்ந்த மூக்கு இதற்குக் கட்டாயம்.

மூன்றாவது பொலித்தீன் பள்ளி. அமெரிக்க ஏஎஸ்டிஎம் தரம் இதற்கு வகுத்த முறை எளிது. 18 அங்குலச் சதுரத்தில் பொலித்தீன் தாளை நிலத்தில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விடவேண்டும். தாளின் அடியில் நீர் கோத்தால் ஓதம் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேலே மட்டும் நனைந்தால், குளிர்ந்த நிலத்தில் காற்றின் ஈரம் படிகிறது, யன்னல் விவகாரம். கொள்கை பழுதற்றது. ஆனால் மார்கழியில் வாவிக்கரை வீடொன்றில் தாளுக்கு மேலும் நீர், கீழும் நீர். "பொலித்தீன் நல்ல பொலித்தீன்" என்பதே மேசனின் இறுதி அறிக்கை.

சிக்கலின் வேர் உப்பில் இருக்கிறது. கழுவாத கடல் மணலைக் குழைத்து நிலம் போட்டவர்களுக்கு அடியிலிருந்து நீர் ஏறவே தேவையில்லை. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். கடலுப்போடு கூடவரும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். அவ்வளவு வறண்ட காற்று இந்தக் கரைக்கு எங்கே வரப்போகிறது? நிலத்தில் பூக்கும் வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்துப் பார்க்கும் உபபள்ளியும் உண்டு. இவ்வாய்வாளர் அதில் சேரவில்லை.

"ரைல்ஸ் பதிச்சாச் சரி" என்பார்கள். ரைல்ஸ் நீரை மறைக்கும், நிறுத்தாது. அது சுவரோரத்தில் வந்து தலைகாட்டும். கொங்கிறீட் போடுமுன் அடியில் தடித்த பொலித்தீன் விரித்திருக்கவேண்டும். ஆனால் அந்த யோசனை எல்லோருக்கும் வீடு குடிபுகுந்த பிறகே வருகிறது.

இனி இவ்வாய்வின் சமூகப் பயன். இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனம். ஆகவே நிலம் பார்ப்பதும் சம்பந்தம் பேசுவதில் ஓரங்கம். கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் அநேக நிலங்கள் எலும்பாய்க் காய்ந்திருக்கும். பெண்வீட்டார் அழைப்பது அப்போதுதான். விபரம் தெரிந்த மாப்பிள்ளையின் தாய் மாரிக்குள் வருவார். வாசலிலே செருப்பைக் கழற்றிவிட்டு, குசினி பார்க்கும் சாட்டில் வெறுங்காலோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார். பெண்ணின் தாயும் இலேசுப்பட்டவரல்ல: "நிண்டுகொண்டு இருக்காதீங்க மச்சாள், பாயில இருங்க." உபசாரம் எது, மறைப்பு எது என்று பிரிக்க இன்னும் கருவி வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பொலித்தீன் முறைக்கு மாறலாம் என்பது இவ்வாய்வின் பரிந்துரை. 16 மணித்தியாலம் தங்குவோருக்கு இரண்டு நேரச் சாப்பாடும் இரவுக்குப் பாயும் கொடுக்க வேண்டிவரும். அந்தப் பாயை எங்கே விரிப்பது என்பதைப் பெண்வீட்டாரே தீர்மானிப்பார்கள்.