கேரவன் அத்தான்

அத்தான் பூட்டிவிட்டார். இப்போது இழுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு நாலடி நடப்பார், நிற்பார், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். ஊரில் இருந்தவரை இது கொல்லைக் கதவோடு போயிற்று. ரயிலுக்குக் கிளம்பிய ஆட்டோ தெருமுனை திரும்பியதும் "தாழ்ப்பாள் போட்டமா?" என்று எல்லாரையும் ஒருமுறை கலவரப்படுத்திவிட்டு அடங்கிவிடுவார். இங்கிலாந்தில் பதினைந்து வருடம் உழைத்து ஒரு கேரவன் வாங்கியதும் அந்தச் சந்தேகத்துக்குச் சக்கரம் முளைத்துவிட்டது.

கேரவன் வாங்கிய செய்தி கேட்டு திருநெல்வேலிப் பெரியம்மா, "மாப்பிள்ளை எந்தப் படத்துல நடிக்காவ?" என்று விசாரித்தார். படப்பிடிப்பில் நடிகர்கள் ஏசி போட்டு உட்காரும் வண்டி வேறு. இது என்ஜின் இல்லாத பெட்டி வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. எடை ஒன்றரை டன்னுக்கு முன்னே பின்னே இருக்கும். காரின் பின்புறம் 50 மில்லிமீட்டரில் ஓர் இரும்பு உருண்டை நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டி வீட்டின் மூக்கிலுள்ள கொக்கியை அதன்மேல் இறக்கினால் கவ்விக்கொள்ளும், இழுத்துக்கொண்டு போகலாம்.

அத்தானின் தூக்கத்தைக் கெடுத்தது அந்த 50 மில்லிமீட்டர்தான். அவர் கார் உருண்டையும் திருடன் கார் உருண்டையும் ஒரே அளவு.

ஆகவே மூக்குக்கு ஒரு பூட்டு. நான்கு மூலைகளிலும் இறக்கிவிடும் கால்களுக்குப் பூட்டு. கேஸ் சிலிண்டர் பெட்டிக்குப் பூட்டு, பேட்டரிப் பெட்டிக்குப் பூட்டு, பின்னால் மாட்டிய சைக்கிள்களுக்குச் சங்கிலியும் பூட்டும். எல்லாச் சாவியும் ஒரே வளையத்தில் இடுப்பில் தொங்க அவர் நடந்து வரும்போது பழைய காலத்து மாமியார்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். இதெல்லாம் பத்து நிமிட வேலை, மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது சக்கரப் பூட்டு.

காரின் சக்கரத்தில் போலீஸ்காரர் மாட்டும் மஞ்சள் இடுக்கி அல்ல இது. வெட்டிக் காட்டும் காணொளிகளைப் பார்த்து, அதை வெட்டி எறிந்துவிடலாம் என்று அத்தானே முடிவுக்கு வந்துவிட்டார். இவர் வாங்கியது வேறு ஜாதி. சக்கரத்துக்குப் பின்னால், வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்ந்தாற்போல் ஓர் இரும்புக் கூடு இருக்கும். சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகப் பூட்டை உள்ளே விட்டு அந்தக் கூட்டில் முடுக்க வேண்டும். முடுக்கிவிட்டால் சக்கரம் சுற்றாது. எந்த உருண்டையில் மாட்டினாலும் இழுக்க முடியாது. அருமையான ஏற்பாடு. ஒரே நிபந்தனை, இடைவெளியும் கூடும் நேருக்கு நேர் வர வேண்டும். அரை அங்குலம் விலகியிருந்தால் பூட்டு உள்ளே போகாது. எங்கே நிற்கிறோம் என்ற கவலை சக்கரத்துக்குக் கிடையாது. பத்துக்கு ஒன்பது முறை அது அரை அங்குலம் தள்ளித்தான் நிற்கும்.

இப்படிப் பூட்டிப் பூட்டிப் பார்க்கும் மனிதர்கள் எல்லாருக்கும், கேட்டுப் பாருங்கள், டார்ச் பிடிக்க ஒரு மைத்துனன் வாய்த்திருப்பான்.

லேக் டிஸ்ட்ரிக்டில் பாரோடேல் என்றொரு பள்ளத்தாக்கு. அதிலுள்ள சீத்வெயிட், இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் இடங்களிலேயே அதிக மழை பெய்யும் ஊர் என்று பெயர் வாங்கியது. அதற்குக் கூப்பிடு தூரத்தில் முகாம். இரவு ஒன்பது மணி. மைத்துனன் சேற்றில் மண்டியிட்டு டார்ச்சைச் சக்கரத்துக்குள் காட்டுகிறான். அத்தான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மோட்டார் உருளைகள் டயரைக் கவ்விக்கொண்டு வண்டியை நகர்த்தும், அதற்குத்தான் ரிமோட்.

"மாப்ளே, எவ்வளவு?"

"ஒரு விரக்கடை முன்னால வரணும் அத்தான்."

ரிமோட் அழுந்துகிறது. வண்டி இரண்டு விரக்கடை வருகிறது.

"இப்ப பின்னால போகணும் அத்தான்."

"எவ்வளவு?"

"அதே ஒரு விரக்கடை."

இரண்டு விரக்கடை பின்னால் போகிறது. அரை மணி நேரம் இது ஊஞ்சல் மாதிரி ஆடும். பிறகு அத்தான் ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஜாக்கியை எடுப்பார். மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தி, இந்தப் பக்கத்தை மட்டும் தூக்கி, சக்கரத்தைக் கையால் திருப்பி நேர் செய்து இறக்குவார்கள். இறங்கும்போது சக்கரம் ஒரு சொட்டு உருளும். எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒருவழியாகப் பூட்டு உள்ளே போனதும் இழுத்துப் பார்ப்பார் என்பது உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகுதான் அடுத்த சிக்கல். வண்டி எங்கே சமமாக நிற்குமோ அங்கே பூட்டு போகாது. பூட்டு போன இடத்தில் வண்டி சமமாக நிற்காது. அக்கா சமதளம் கேட்பாள். அத்தான் பூட்டைத் தேர்ந்தெடுப்பார். அன்று இரவு பிள்ளைகள் இருவரும் உருண்டு ஒரே மூலையில் சேர்வார்கள். தட்டில் ஊற்றிய சாம்பார் வடகிழக்காக ஓடும். காலையில் தலைவலிக்குக் காரணம் குளிர் என்று தீர்ப்பாகும்.

ஒரு தரம் பக்கத்து வண்டியிலிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் குடையோடு வந்து, இரண்டு ராத்திரிக்காக இவ்வளவு வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். அத்தான் அவருடைய கொக்கியைப் பார்த்தார். அதில் பூட்டே இல்லை. பேச்சு அதோடு முடிந்தது.

அத்தானைக் கிறுக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அதுதான் எரிச்சல். பிரிட்டனில் காருக்கு அரசுப் பதிவுப் புத்தகம் உண்டு, கேரவனுக்குக் கிடையாது. அதற்கென்று சொந்தப் பதிவெண்ணும் இல்லை. எந்தக் கார் இழுக்கிறதோ அந்தக் காரின் எண்ணைப் பின்னால் மாட்டிக்கொண்டு போகும். அதாவது திருடன் தன் காரில் மாட்டி, தன் எண் பலகையைச் செருகிவிட்டால், தெருவில் போகிற எவருக்கும் அது அவன் கேரவன்தான். இந்த ஓட்டையை அடைக்கத்தான் கேரவன் தொழில்துறையினர் 1992இல் கிரிஸ் என்ற பதிவு முறையைக் கொண்டுவந்தார்கள். 17 இலக்க எழுத்து எண் ஒன்றை ஜன்னல் கண்ணாடிகளில் பொறித்துவிடுவார்கள். பழைய கேரவன் வாங்குகிறவர்கள் அந்த எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. வண்டி களவுப் பொருள் என்று தெரிந்தால் பணமும் போய் வண்டியும் போகும்.

காப்பீட்டுக்காரர்களும் அத்தான் பக்கம்தான். கொக்கிக்கும் சக்கரத்துக்கும் பூட்டுப் போட வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். போடாத நாளில் களவு போனால் கைவிரித்துவிடுவார்கள். எந்தப் பூட்டு என்பதற்கும் கணக்கு உண்டு. சோல்டு செக்யூர் என்ற அமைப்பு பூட்டுகளை உடைத்துப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரிக்கிறது. அத்தான் இந்தத் தரவரிசையை மனிதர்களுக்கும் வைத்துவிட்டார். மைத்துனன் குடியிருக்கும் ஃபிளாட்டின் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வெண்கலம்கூடத் தேறாதுடே" என்றார். வந்தது பொங்கலுக்கு.

மற்ற பழக்கங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் குடும்பம் மொத்தமாகக் கழிப்பறைக்குப் போகக் கூடாது. கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பதுபோல் முறை வைத்து ஒருவர் நிற்க வேண்டும். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத மை வைத்து மடக்கு நாற்காலி, தண்ணீர் உருளை, குக்கர், குக்கர் வெயிட் எல்லாவற்றிலும் வீட்டு அஞ்சல் குறியீட்டை எழுதிவிட்டார். இட்லிப் பானையின் அடிப்பாகத்தை ஊதா விளக்கில் காட்டினால் அவர் விலாசம் மின்னும். வண்டியின் கூரையில் ஆள் உயரத்துக்கு எண் ஒட்டியிருக்கிறார். இதில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. போலீஸ் ஹெலிகாப்டருக்கு மேலிருந்து தெரியும் என்பதால் பலரும் செய்வதுதான். ஆனால் ஒட்டியபோது ஏணியைப் பிடித்தது யார் என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

2021இல் ஆப்பிள் ஏர்டேக் வந்தது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வில்லை. எங்கே இருக்கிறது என்று செல்பேசியில் காட்டும். ஆளைப் பின்தொடரப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக அதில் ஓர் ஏற்பாடு: அடுத்தவர் வில்லை ஒருவரோடு கூடவே நகர்ந்தால் அவர் ஐபோன் எச்சரித்துவிடும். களவாடியவனுக்கும் அதே எச்சரிக்கை போகும் என்று சொன்னபோது அத்தான் நம்பவில்லை. மைத்துனன் ஒருநாள் அவருடைய தூங்குபையை இரவல் வாங்கிக்கொண்டு ரயிலேறினான். வழியில் செல்பேசி அலறியது. பையைத் தடவிப் பார்த்தால் கால்மாட்டுத் தையலுக்குள் வில்லை. கூப்பிட்டுக் கேட்டதற்கு, "வேலை செய்யுதுல்லா?" என்றார் சந்தோஷமாக.

உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டிய முதல் கேரவன் என்று சொல்லப்படுவது 1885இல் உருவான 'வாண்டரர்'. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவருடையது. இரண்டு குதிரைகள் இழுத்த அந்த வண்டியில் ஹரிக்கேன் பாப் என்ற பெரிய நியூஃபவுண்ட்லாந்து நாய் கூடவே போனது. கொண்டைக்கிளி ஒன்றும் உண்டு. பணியாள் ஒருவர் எதிரே வருகிறவர்களை எச்சரிக்க மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் போவார். இந்தக் கதையை அத்தான் சொல்லும்போது நாயைப் பற்றி நெகிழ்ந்து பேசுவார். மைத்துனன் அந்தப் பணியாளைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பான்.

போன வருடம் மைத்துனனுடைய சைக்கிள் களவு போனது. ரயில் நிலைய வாசலில், ஒரு மெல்லிய கம்பிப் பூட்டு. காவல்துறைப் படிவத்தில் சட்டக எண் கேட்டிருந்தார்கள். சைக்கிளுக்குச் சட்டக எண் என்று ஒன்று உண்டு என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அத்தானிடம் சொன்னான், திட்டு வாங்கத் தயாராக. அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நிமிடத்தில் செல்பேசிக்குப் படங்கள் வந்தன. சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு எண்ணை எடுத்த படம், கீறல்களின் படம், வாங்கிய ரசீதின் படம். இரண்டு வருடத்துக்கு முன் முகாமில் எல்லாரும் தூங்கியபோது எடுத்திருக்கிறார். தன் பிள்ளைகளின் சைக்கிள்களோடு மைத்துனன் சைக்கிளையும் சேர்த்தே எடுத்திருக்கிறார். சைக்கிள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. அன்று மைத்துனனுக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது உண்மை.

மறுவாரமே மழை, சேறு, டார்ச். தொண்டை அடைத்ததெல்லாம் முழங்கால் ஈரத்தில் போய்விட்டது. மனிதன் விடுமுறைக்குப் போவது சும்மா இருப்பதற்கு. அத்தானோடு போனால் போய்ச் சேர்ந்த அன்று ஒன்றரை மணி நேரம் பூட்டுவது, கிளம்பும் அன்று ஒன்றரை மணி நேரம் திறப்பது, நடுவில் ஏரிக்கரையில் நடக்கும்போது "மூக்குப் பூட்டை இழுத்துப் பாத்தேனா?" என்று திரும்புவது. அந்த ஏரியின் மறுகரையை இந்தக் குடும்பம் இதுவரை பார்த்ததில்லை.

ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை அங்கே வங்கி விடுமுறை. வெள்ளி மாலை கிளம்புகிறார்கள். அத்தான் இரட்டை அச்சு வண்டி ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். அதில் பூட்டு இரண்டு, இரண்டும் ஒரே நேரத்தில் நேராக வர வேண்டும். மைத்துனனுக்கு அந்த வாரம் முதுகுவலி வரும் என்று இப்போதே தெரிகிறது. டார்ச் பிடிக்க விருப்பமுள்ள உறவினர்கள் அத்தானுக்குச் சொல்லவும். டார்ச் கொண்டுவர வேண்டாம். அவரிடம் இருக்கிறது, பூட்டி வைத்திருக்கிறார்.