மடிக்கணினியின் அடிமூடியைத் திறத்தலும் அதன் உறவுமுறை விளைவுகளும்: ஓர் ஆய்வு

தமிழில் ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கியவர்களுக்குத் தெரியும்: முதலில் நோக்கம், அடுத்து எல்லை, அதற்கடுத்துக் கருதுகோள். அந்த வரிசையைக் குலைக்கும் துணிவு இக்கட்டுரைக்கு இல்லை.

நோக்கம்: பட்டனை அழுத்திவிட்டுக் காபி போட்டு, குடித்து, தம்ளரையும் கழுவிக் கவிழ்த்த பிறகும் திரையில் புள்ளிகள் வட்டமடித்துக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்பைக் கடையில் கொடுக்காமல், தாமே பிரித்து எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் ராமும் போட்டுக்கொள்ளும் மனிதரை ஆராய்தல். எல்லை: திரை, கீபோர்டு, ஹின்ஜ் மாற்றுவோர் இதில் அடங்கார், அவர்கள் துணிச்சல் வேறு ரகம். கருதுகோள்: இச்செயலால் வேகம் கூடுவது லேப்டாப்புக்கு, வேலை கூடுவது செய்தவருக்கு. முதன்மை ஆதாரங்கள், திறந்து கிடந்த லேப்டாப்புகள். துணைமை ஆதாரங்கள், யூடியூப் வீடியோக்கள். இரண்டும் முரண்பட்ட இடங்களில் லேப்டாப்பின் சாட்சியமே ஏற்கப்பட்டது. வீடியோக்களில் அடிமூடி ஒரே இழுப்பில் வந்துவிடுகிறது என்பதே இதற்குக் காரணம்.

வரலாற்றுப் பின்புலம் இல்லாத ஆய்வேட்டை வழிகாட்டிகள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் சுருக்கமாக: 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டுப் பெட்டியில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று கல்யாண மண்டபத்தில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அது நெருக்கடி. 1980-களில் ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா ஃப்ளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தார். அதன் நேண்ட் வகை 1987-இல் வெளிவந்தது. அந்த வம்சத்தில் வந்ததுதான் இப்போதைய எம்.2 எஸ்.எஸ்.டி. அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மின்சார ரயில் ஏறலாம். வரலாறு இத்துடன் முற்றிற்று.

பழைய லேப்டாப் ஏன் தவழ்கிறது என்பதைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். அதற்குள் நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. கேட்ட தகவல் தட்டின் எந்த மூலையில் இருக்கிறதோ அங்கே ஊசிக்கை நகர வேண்டும். நகர்ந்தபின் அந்த இடம் சுழன்று கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். சராசரியாக அரைச்சுற்று, அதாவது சுமார் 5.6 மில்லி நொடி. கை நகரும் நேரத்தையும் கூட்டினால், சிதறிக் கிடக்கும் துணுக்குகளை நொடிக்கு அறுபது எழுபது என்ற கணக்கில்தான் எடுக்க முடியும். விண்டோஸோ எழுந்திருக்கும்போதே ஆயிரக்கணக்கான துணுக்குகளைக் கேட்கிறது. ரேஷன் கடையில் ஒரே ஆள் பில்லும் போட்டு, எழுந்து போய் அரிசியும் அளந்து, திரும்ப வந்து உட்கார்ந்து அடுத்த கார்டை வாங்கும் நிலைமை இது. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. சாதாரண சாட்டா வகையே நொடிக்குப் பல பத்தாயிரம் துணுக்குகளைத் தந்துவிடும்.

இங்கே அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிகிறார்கள். ‘முதலில் எஸ்.எஸ்.டி. போடு’ என்பது ஒரு கட்சி. ‘முதலில் ராம் ஏற்று’ என்பது மறுகட்சி. டீக்கடை முதல் ஐ.டி. கம்பெனி கேன்டீன்வரை இவ்வழக்கு நிலுவையில் உள்ளது. ராம் கட்சியின் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு: ராம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் மிச்சத்தைக் கொண்டுபோய் டிஸ்க்கில் எழுதி, வேண்டும்போது திரும்ப எடுக்கும். ஹார்ட் டிஸ்க்கே கூட்டத்தில் திணறும்போது இது அதன் தலையில் இன்னொரு மூட்டை. இருந்தாலும் இக்கட்டுரையின் தீர்ப்பு: 8 ஜி.பி. ராம் இருப்பவர் எஸ்.எஸ்.டி.யைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 4 ஜி.பி. வைத்திருப்பவர் இரண்டையும் போட வேண்டும். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது உண்மைதான். அதன்பின் குரோமையும் திறப்பீர்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை போலும்.

‘ஏன் சார் இவ்வளவு பாடு, புதுசே வாங்கிடலாமே?’ என்பது பூர்வபட்சம். அதில் பாதி சரி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இல்லாத பழைய லேப்டாப்புக்கு எத்தனை எஸ்.எஸ்.டி. போட்டாலும் 11-க்குள் முறைப்படி அனுமதி இல்லை. அத்தகையோர் லினக்ஸ் பக்கம் போகலாம், அல்லது பூர்வபட்சத்தின் பக்கம் சாயலாம்.

இனி வகைப்பாடு. தத்துவ மரபு நமக்கு ஏற்கெனவே மூன்று பெட்டிகளைச் செய்து வைத்திருப்பதால் புதிதாகச் செய்யத் தேவையில்லை. ராமும் தாய்ப்பலகையும் வேறு வேறு, ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டலாம் என்பது துவைத லேப்டாப். ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டு இரண்டறக் கலந்துவிட்டது என்பது அத்வைதம். மேக்புக் ஏர் 2008-இல் வந்த முதல் மாடலிலிருந்தே இந்த மடத்தைச் சேர்ந்தது. பாதி ராம் ஒட்டியும் பாதிக்குக் காலி ஸ்லாட்டும் இருப்பது விசிஷ்டாத்வைதம். நம்மூரில் விற்கும் நடுத்தர விலை லேப்டாப்புகள் பல இதில் அடங்கும். தம்முடையது எந்த சம்பிரதாயம் என்று தெரியாமலே அடிமூடியைத் திறப்போர் ஏராளம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பார்த்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியது என்று ஒரு வரி இருக்கும். ஆனால் சில மாடல்களில் அந்த வரி ஒட்டிய ராமையும் ஸ்லாட் என்றே எண்ணிவிடுகிறது. மாடல் எண்ணைப் போட்டுக் கையேட்டைத் தேடிப் பார்ப்பதே பிரமாணம்.

களப்பணி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நிகழ்ந்தது. ஆவணங்களில் அது ஒரு தெரு. நடைமுறையில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு என்று பக்கத்துச் சந்துகளையும் சேர்த்துத்தான் அந்தப் பெயர். அங்கே கவுன்ட்டரில் நிற்பவர் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வைப்புமுறை உண்டு.

“என்ன சார், டி.டி.ஆர். மூணா நாலா?”

“தெரியலைங்களே, லேப்டாப் வீட்ல இருக்கு.”

“எந்த வருஷத்து லேப்டாப்பு?”

“பையன் காலேஜ் சேர்ந்தப்ப வாங்கினது.”

“பையன் இப்ப என்ன பண்றான் சார்?”

“பெங்களூர்ல வேலை பார்க்கிறான்.”

“அப்ப மூணுதான். லோ வோல்டேஜா இருக்கும், எதுக்கும் பழைய ஸ்டிக்கைக் கழட்டி எடுத்துட்டு வந்துடுங்க.”

மகனின் பணிமூப்பைக் கொண்டு ராமின் தலைமுறையைக் கணிக்கும் இம்முறை எந்தப் பொறியியல் பாடநூலிலும் இல்லை. ஆனால் தவறுவது அரிது. கழற்றிக் கொண்டுவரச் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. லேப்டாப் ராமில் டி.டி.ஆர். 3-க்கு 204 பின், 4-க்கு 260, 5-க்கு 262. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறும். ஒன்றை மற்றொன்றின் ஸ்லாட்டில் மாட்டவே முடியாது. எஸ்.எஸ்.டி.யில் பொறி வேறு மாதிரி. எம்.2 சாட்டாவும் எம்.2 என்.வி.எம்.இ.யும் உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள். மாற்றி வாங்கினால் பல லேப்டாப்புகளில் திருகாணிவரை கச்சிதமாகப் பொருந்தும், லேப்டாப் மட்டும் கண்டுகொள்ளாது. எல்லாம் முடிந்தபின் வரும் கடைசிக் கேள்வி உலகறிந்தது: “பில்லோட வேணுமா, பில் இல்லாமலா?” வாரண்டி மீது ஆசையிருப்போர் பில்லோடு வாங்குக. 2025-இன் கடைசி மாதங்களில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் சிப்புகளை வாரிக்கொள்ள, ராம் விலை கிடுகிடுவென ஏறியது. கிரூஷியல் என்ற பெயரில் நமக்கெல்லாம் ராம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசுவோர் இச்செய்தியைக் கடைக்காரர் வாயால் கேட்கத் தயாராக இருக்க வேண்டும்.

இப்போது திறத்தல். முந்தின இரவே புது எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. உறையில் மாட்டி, குளோன்ஸில்லா போன்ற இலவச மென்பொருளால் பழையதை அப்படியே நகலெடுத்தாகிவிட்டது என்று கொள்வோம். பழையது எதையும் இழக்க வேண்டியதில்லை என்பதால் வீட்டாரும் இதுவரை அமைதி. திருகாணிகளை வைக்க ஒரு பாத்திரம் வேண்டும் என்று கேட்கும்போதுதான் வீடு இவ்வாய்வுக்குள் நுழைகிறது. முன்வரிசைத் திருகாணிகள் குட்டை, பின்வரிசை நெட்டை. இடம் மாறிப் போட்டால் நெட்டை மேலே குத்திக் கைவைக்கும் பலகையில் பரு கிளப்பும். ஆகவே கழற்றிய வரிசையிலேயே வைக்கக் குழிகள் தேவை. இதற்கு இட்லித் தட்டைவிட உகந்த கருவி இல்லை என்பது இக்கட்டுரையின் அசலான கண்டுபிடிப்பு. துளையுள்ள தட்டானால் துணி போட்டுத்தான் வைக்க வேண்டும். இட்லிக்கும் அதுவே விதி. “அதுல ஏன்டா கொண்டுபோய் ஆணியைப் போடறே?” என்ற குரல் சமையலறையிலிருந்து வருவது இயல்பு. அது ஆய்வின் முடிவைப் பாதிக்காது.

எல்லாத் திருகாணியும் எடுத்தபின்னும் மூடி வராது. ரப்பர் பாதத்துக்கு அடியில் இன்னும் இரண்டு ஒளிந்திருக்கும். அவையும் வந்தபின், காலாவதியான ஏ.டி.எம். கார்டை விளிம்பில் செருகி நகர்த்திக்கொண்டே போனால் பிளாஸ்டிக் கொக்கிகள் ‘டக், டக்’ என்று விடும். கொக்கி விடும் ஓசையும் உடையும் ஓசையும் ஒன்றே. இயற்கையின் இந்தக் குரூரத்துக்கு விளக்கம் இல்லை. உள்ளே முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடிப்பது. நிலைமின்சாரம் பற்றி வெளிநாட்டு வீடியோக்கள் மணிக்கட்டுப் பட்டையெல்லாம் காட்டிப் பயமுறுத்தும். ஈரக்காற்றில் அது குறைவாகவே சேரும் என்பதால் சென்னைப் புழுக்கத்துக்கு முதன்முறையாக ஒரு பயன். ஆனாலும் ஓர் உலோகக் குழாயைத் தொட்டுவிட்டு வருவதில் கௌரவக் குறைவு இல்லை.

ராமைச் சாய்வாகச் செருக வேண்டும். தங்கநிறக் கோடுகள் ஏறக்குறைய முழுக்க மறையும்வரை தள்ளி, பிறகு மெல்லக் கீழே அமுக்கினால் இருபுறத்து வெள்ளிக் கைகளும் விலகி, ஒரே சமயத்தில் ‘டிக்’கென்று கவ்வும். முதல்முறை ஸ்விட்சைப் போட்டதும் திரை கறுப்பாகவே இருக்கும். புது ராமை லேப்டாப் பழகிக்கொள்ளும் நேரம் அது. சிலவற்றில் ஒரு நிமிடத்தைத் தாண்டும். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்ற வாக்கியம் எந்த வீட்டிலும் அந்த ஒரு நிமிடத்தில்தான் உச்சரிக்கப்படுகிறது.

எழுந்த பிறகு அடுத்த புகார்: ஒரு டி.பி. என்று வாங்கியது 931 ஜி.பி. என்று காட்டுகிறது. மிச்சம் 69-ஐக் கடைக்காரர் அடித்துவிட்டார் என்று பெரியப்பா தீர்ப்பெழுதுவார். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. இடத்தில் ஒரு பைட்டும் குறையவில்லை. இதை விளக்கிப் பெரியப்பாவை நம்பவைத்த நிகழ்வு எதுவும் களப்பணியில் கிடைக்கவில்லை.

இதன்பின் நிகழ்வதே கருதுகோளை நிறுவுகிறது. இருபது நொடிக்குள் லேப்டாப் எழுவதை வீட்டார் பார்க்கிறார்கள். செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. முதல் வாரம் சித்தி மகளின் லேப்டாப் வருகிறது. அடுத்து, 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மச்சான் வாங்கி, பத்திரமாகப் பரணில் வைத்திருந்தது இறங்கி வருகிறது. மூன்றாவதாக அபார்ட்மென்ட் செயலாளர், ‘ஒரு அஞ்சு நிமிஷ வேலைதானாமே தம்பி’ என்று மடியில் லேப்டாப்போடு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் லேபர் சார்ஜ் உண்டு. உறவுமுறையில் அது காபியாகவே வசூலாகிறது. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

லேப்டாப் கொண்டுவரும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். சார்ஜரைக் கொண்டு வாருங்கள். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வாருங்கள். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அதைக் கேட்டுப் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை.