இயற்கை வேளாண் கொள்கைக்கு ஒரு வாழ்த்துமடல்

கொள்கை வகுப்பவர்களைத் திட்டுவதற்கு நம் ஊரில் ஆள் பஞ்சமே வந்ததில்லை. பாராட்டத்தான் ஆள் கிடைப்பதில்லை. சிறு விவசாயியை உரமூட்டையிலிருந்தும் பூச்சிமருந்திலிருந்தும் மீட்டு இயற்கை வேளாண்மைக்குக் கொண்டுவர அரசும், அரசுக்கு ஆலோசனை சொல்பவர்களும், அந்த ஆலோசனையைக் கேட்குமாறு அரசை வலியுறுத்துபவர்களும் எத்தனை ஆண்டுகளாக உழைக்கிறார்கள்! அந்த உழைப்பின் அருமையை ஒருவராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

முதலில் அவர்களுடைய நிதானத்தைப் போற்ற வேண்டும். பக்கத்து நாடான இலங்கையைப் பாருங்கள். பத்தாண்டுகளில் படிப்படியாக இயற்கை உரத்துக்கு மாற்றுவோம் என்று 2019 தேர்தலில் வாக்குக் கொடுத்து அதிபரான கோட்டாபய ராஜபக்ச, 2021 மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார். நெல்லும் தேயிலையும் தடுமாறின. நவம்பருக்குள் தடையே வாபஸ் ஆயிற்று. இதிலிருந்து நம்மவர்கள் கற்ற பாடம் ஆழமானது: இரவோடு இரவாக மாற்றக் கூடாது. பகலிலும் அவசரப்படத் தேவையில்லை. எந்தக் கூட்டத்தில் யார் எழுந்து “இயற்கை விவசாயத்துக்கு மாறுகிறவனுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டாலும், இலங்கையைச் சொன்னால் அவர் உட்கார்ந்துவிடுகிறார். பத்தாண்டுத் திட்டத்தை ஒரே நாளில் முடிக்கப் பார்த்ததுதானே அங்கே நடந்த தவறு என்று திருப்பிக் கேட்கும் அளவுக்கு நம் கூட்டங்களில் நேரம் இருப்பதில்லை. சாப்பாடு ஆறிவிடும்.

சாப்பாடு என்றதும் நினைவுக்கு வருகிறது. கொள்கை வலியுறுத்தல் கருத்தரங்குகளைப்போல நாக்குக்கு நன்மை செய்தவை வேறில்லை. குளிரூட்டிய அரங்கில் சாமைப் பொங்கல், தினைப் பாயசம், கருப்பட்டிக் காபி. மேடையில் பச்சைத் துண்டு போட்ட ஒரு விவசாயி கட்டாயம் இருப்பார். அவருக்குப் பொன்னாடை உண்டு, படம் உண்டு, மதிய உணவுக்கு முன்னால் ஐந்து நிமிடம் பேசவும் இடம் உண்டு. களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று அவர் ஆரம்பிக்கும்போது, ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பார்வையில் எவ்வளவு கனிவு! மாலையில் பரிந்துரைகள் வாசிக்கப்படும். முதல் பரிந்துரை என்றும் மாறாதது: சிறு விவசாயிகளிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும். தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் மண்ணுக்கு நல்லது என்பது இன்னும் தெரியாமல் இருக்கிற விவசாயிகளை இவர்கள் எந்த ஊரில் கண்டுபிடிக்கிறார்களோ, அந்தத் தேடலுக்கே தனியாக ஒரு விருது தரலாம்.

அடுத்து, யூரியா. இங்கேதான் கொள்கையின் நுட்பம் முழுசாக விளங்குகிறது. 45 கிலோ மூட்டை கடையில் ஏறக்குறைய 266 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்கு ஆகிற செலவில் பெரும்பகுதியை மத்திய அரசு மானியமாக ஏற்கிறது. அந்த மானியம் விவசாயிக்கு என்றுதான் பெயர். பணம் போவது உர நிறுவனத்தின் கணக்குக்கு. விவசாயி செய்ய வேண்டியதெல்லாம் உரக்கடைக் கருவியில் விரல் வைப்பது. தன் பெயரில் வரும் பணத்தை எண்ணிப் பார்க்கும் சிரமத்தைக்கூட அவருக்கு வைக்கவில்லை.

மூட்டையும் ஒரு காலத்தில் 50 கிலோவாக இருந்தது. 2018இல் அதை 45 ஆக்கினார்கள். விவசாயி தராசு வைத்தா உரம் போடுகிறார்? ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்பதுதானே கணக்கு. மூட்டையைச் சிறிதாக்கினால் மண்ணில் விழுவதும் தானாகக் குறையும் அல்லவா? பிறகு கந்தகம் பூசிய யூரியா வந்தது, 40 கிலோ, அதே விலையில். இந்த வேகத்தில் போனால் ஒருநாள் வெறும் சாக்கு மட்டும் விற்பனைக்கு வரும். அன்றைக்கு இந்தியா முழுவதும் இயற்கை வேளாண்மை மலர்ந்துவிடும். யாருடைய மனமும் நோகாமல், எந்த நிறுவனத்தின் கணக்கும் குறையாமல் ஒரு புரட்சி.

மறுபக்கத்தையும் அரசு மறந்துவிடவில்லை. 2024 நவம்பரில் தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மாநிலங்களின் பங்கையும் சேர்த்து, 2025-26 முடியும்வரைக்கும் 2,481 கோடி ரூபாய். அதே 2024-25 பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஒதுக்கியது ஓராண்டுக்கு 1.64 லட்சம் கோடி. ரசாயனத்தை விட்டு வெளியே வாருங்கள் என்று ஒரு ரூபாய் செலவழித்து அழைக்கும்போது, உள்ளேயே இருங்கள் என்று அறுபத்தாறு ரூபாய் கையைப் பிடித்து இழுக்கிறது. இருவரையும் மதிக்கும் இந்தப் பண்பை வேறு எந்தத் துறையில் பார்க்க முடியும்?

இயக்கத்தின் இலக்கும் விரிந்த மனத்துக்குச் சான்று. ஒரு கோடி விவசாயிகளைச் சென்றடைவது, 7.5 லட்சம் ஹெக்டேரில் இயற்கை வேளாண்மையைத் தொடங்குவது. வகுத்துப் பார்த்தேன். ஆளுக்குப் பதினெட்டரை சென்ட் வருகிறது. சென்றடைவது வேறு, தொடங்குவது வேறு என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்குவார்கள், ஒப்புக்கொள்கிறேன். சென்றடைந்த எல்லோரும் தொடங்கியே ஆக வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தாததில்தான் இதன் ஜனநாயகம் இருக்கிறது.

தமிழ்நாடும் பின்தங்கவில்லை. 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியாயிற்று. வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போடும் மாநிலம் இது. இயற்கை வேளாண்மைக்காக வாழ்ந்த நம்மாழ்வார் பெயரில் விருதும் அரசு தருகிறது. கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலையில் இருந்தவர் அவர். அங்கே நடந்த ஆராய்ச்சியால் மானாவாரி விவசாயிக்குப் பயனில்லை என்று வேலையை உதறிவிட்டுப் போனார். 2013 டிசம்பரில் அவர் உயிர் பிரிந்ததும் காவிரி டெல்டாவில், மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பிரச்சாரத்தின் நடுவே. உயிரோடு இருந்தவரை ஊர் ஊராக நடந்து தொண்டை வறளக் கத்தியவரை இப்போது கேடயத்தில் பொறித்து வைத்திருக்கிறோம். கேடயத்தில் இருப்பவர் கேள்வி கேட்பதில்லை. பெரியவர்களைக் கௌரவிக்க இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

நான் நெகிழ்ந்துபோவது இயற்கை விளைபொருள் என்று சான்றிதழ் வாங்கும் விஷயத்தில்தான். இதன் அழகைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இரண்டு வயல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வரப்பு. ஒருவர் யூரியா போடுகிறார், களைக்கொல்லி அடிக்கிறார், குருத்துப்பூச்சிக்கு ஒருதரம், புகையானுக்கு ஒருதரம் மருந்து தெளிக்கிறார். அவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. என்ன மருந்து, எத்தனை முறை, அறுப்புக்கு எத்தனை நாள் முன்னால் என்று எழுதி வைக்க வேண்டியதில்லை. மூட்டைமேல் ஒரு வரிகூட ஒட்ட வேண்டியதில்லை. இந்தப் பக்கத்துக்காரர் ஒன்றுமே அடிக்கவில்லை. ஆகவே அவர்மேல்தான் சந்தேகம் வருகிறது. பதிவேடு எழுத வேண்டும், நில வரைபடம் தர வேண்டும், உறுதிமொழி தர வேண்டும், ஆய்வாளர் வரும்போது வயலில் நிற்க வேண்டும். ஆண்டுப் பயிர் என்றால் இரண்டு ஆண்டு, தென்னை மாமரம் என்றால் மூன்று ஆண்டு மாறுகாலம். அதுவரை அவர் விளைவித்தது இயற்கை விளைபொருள் ஆகாது. குடித்துவிட்டு வருகிறவரை வணக்கம் சொல்லி அனுப்பிவிட்டு, குடிக்காதவரைத் தினமும் ஊதிக் காட்டச் சொல்வதுபோல இருக்கிறது என்று என் நண்பர் ஒருவர் புலம்பினார். அவருக்குக் கொள்கையின் உள்நோக்கம் புரியவில்லை. நல்லவரைத்தானே சோதிக்க முடியும்? மற்றவரைச் சோதித்து என்ன கிடைக்கப் போகிறது?

பக்கத்து வயலில் தெளிக்கும் மருந்து காற்றில் வந்து படிந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதையும் யோசித்து வைத்திருக்கிறார்கள். அடிக்காதவர் தன் நிலத்தின் ஓரத்தில் தடுப்பு இடைவெளி விட வேண்டும், அல்லது தடுப்புப் பயிர் வளர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சாகுபடி நிலம் சராசரியாக முக்கால் ஹெக்டேர். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று சாகுபடி நிலங்கள் சிறு, குறு விவசாயிகளுடையவை. அந்தத் துண்டு நிலத்திலும் அண்டை வயல்காரரின் மருந்துக்காக ஓரம் ஒதுக்கித் தரும் பெருந்தன்மையைச் சட்டமே கற்றுக்கொடுக்கிறது. மேல்மடையிலிருந்து வயல் விட்டு வயல் பாய்ந்து வரும் தண்ணீரிலும் மருந்து இருக்குமே என்றால், வரப்பை உயர்த்தச் சொல்வார்கள். தண்ணீரை உயர்த்தச் சொல்லாதவரைக்கும் நல்லது.

சான்றிதழுக்குச் செலவு அதிகம் என்று குறை வந்ததால் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் சான்று சொல்லும் பங்கேற்பு முறையையும் வைத்தார்கள். உண்மையிலேயே நல்ல முறைதான், இதில் நான் கேலி பேசவில்லை. ஆனால் குழுவில் சேர நிலத்தின் விவரம் வேண்டும். சிட்டா அடங்கல் கொண்டுவா என்பார்கள். வாரத்துக்கு உழுபவர், வாய்மொழிக் குத்தகையில் உழுபவர், பக்கத்து ஊர் மிராசுதார் நிலத்தைப் பத்து ஆண்டாகப் பார்த்து வருபவர் ஆகியோருக்கு இந்தக் காகிதம் இல்லை. அவர்களையும் கொள்கை அழகாகக் கையாள்கிறது. காகிதத்தில் இல்லாதவருக்கு மண்ணை மாற்றும் கவலையும் இல்லை. அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்றே தெரியாதவர் மூன்று ஆண்டு உழைத்து மண்ணை வளமாக்கினால், வளமான மண்ணுக்கு அதிகக் குத்தகை கேட்பார்கள். அந்த ஏமாற்றத்திலிருந்தும் அவரைக் காப்பாற்றியாயிற்று.

சங்கத்திலும் இதே பரிவு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரம். “எனக்கு உரம் வேண்டாம் சார், அந்தப் பணத்தைக் கொடுத்தால் தொழுவுரம் வண்டி வைத்து அடித்துக்கொள்வேன்” என்று ஒருவர் சொன்னால், செயலாளர் பாவம் என்ன செய்வார்? அவருக்கு மேலே உள்ள விதியில் சாணத்துக்குக் கட்டம் இல்லை.

அறுத்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் சமத்துவம் இன்னும் பிரகாசிக்கிறது. அங்கே இருப்பது சாதா ரகம், சன்ன ரகம் என்ற இரண்டே சாதி. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அங்கே இல்லை. நெல் ஜெயராமன் ஆதிரெங்கம் என்ற ஊரில் நெல் திருவிழா நடத்தி, விதையை வாங்கியவர் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்று விதித்து நூற்றுக்கு மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைப் பரப்பினார். அந்தக் கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் கொள்முதல் நிலையத்தின் முற்றத்துக்கு வந்தால் மற்ற மூட்டைகளோடு ஒன்றாகக் கலந்து தங்கள் அகந்தையை விட்டுவிடும். தனி விலை கேட்கிறவர் சென்னையில் வாங்க ஆள் தேடிக்கொள்ளலாம். லாரி வாடகை அவருடையது. வண்டு விழுந்தால் நஷ்டமும் அவருடையது.

சில குதர்க்கவாதிகள் இருக்கிறார்கள். மாறுகாலத்தில் விளைச்சல் குறையும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று இழப்பைக் கொடுங்கள் என்கிறார்கள். யூரியாவுக்குப் போகும் மானியத்தை ஏக்கர் கணக்கில் விவசாயியின் வங்கிக் கணக்கிலேயே போட்டுவிடுங்கள், மூட்டை வாங்குவதா எரு வாங்குவதா என்று அவரே முடிவு செய்யட்டும் என்கிறார்கள். ஜீவாமிர்தம் போட ஏக்கருக்கு 10 கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, 200 லிட்டர் டிரம் என்று கைப்பட எழுதிக் கொடுக்கிறீர்களே, மாடே இல்லாதவர் என்ன செய்வார், ஊருக்கு ஒரு கூடத்தில் கலக்கி விலைக்குத் தாருங்கள் என்கிறார்கள். அதற்குத்தான் 10,000 இடுபொருள் மையங்கள் என்று இயக்கத்தில் அறிவித்திருக்கிறார்களே என்றால், எங்கள் ஊருக்கு எப்போது வரும் என்று அடுத்த கேள்வி. பள்ளிச் சத்துணவுக்கு ரசாயனம் இல்லாத அரிசியை அரசே வாங்கட்டும் என்றுகூடப் பேசுகிறார்கள். இதையெல்லாம் ஏற்றுக்கொண்டால் நிலைமை என்ன ஆகும்? அடுத்த ஆண்டுக் கருத்தரங்கில் பேச என்ன மிச்சம் இருக்கும்?

நல்லவேளையாக, 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். பிரணாம் திட்டம் இந்தப் பேராசைக்கெல்லாம் நாசூக்காகப் பதில் சொல்லிவிட்டது. ஒரு மாநிலம் ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைத்தால் மிச்சமாகும் மானியத்தில் பாதி அந்த மாநிலத்துக்கு. மூட்டை வாங்காமல் இருந்தவர் விவசாயி, மிச்சம் பிடித்ததும் அவர்தான். ஆனால் இவ்வளவு பெரிய தொகையை அவர் கையில் கொடுத்துச் சங்கடப்படுத்துவது முறையாகாது அல்லவா? ஆகவே மாநிலத்துக்கு வரும் தொகையில் பெரும்பகுதி மாற்று உரத் தொழில்நுட்பத்துக்கான கட்டமைப்புகளுக்கு. மீதியை விவசாயிகள், பஞ்சாயத்துகள், உற்பத்தியாளர் அமைப்புகள், சுய உதவிக் குழுக்கள் ஆகியோர் பகிர்ந்துகொள்ளலாம். உரத்தைக் குறைத்ததற்காகவும், குறைக்கச் சொல்லி விழிப்புணர்வு ஏற்படுத்தியதற்காகவும்.