திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வான்வழித் தூரம்: ஒரு முன்னாய்வு

இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் நடுவே விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்று சொல்லும் கணிப்பான்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அந்த ஊர்களில் விமான நிலையம் உண்டா என்று அவை கேட்பதில்லை. பூமி உருண்டையின் மேல் ஒரு கோடு இழுத்து, மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்து, ஏறி இறங்க அரைமணி கூட்டினால் விடை தயார். திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நேர்கோட்டில் சுமார் 36 கி.மீ. ஆகவே பறக்கும் நேரம் 33 நிமிடம். அதில் பயணம் மூன்று நிமிடம்.

முந்தைய ஆய்வுகள்: இல்லை. (இந்த ஒரு சொல்லை நாற்பது பக்கமாக்கத் தெரிந்தவருக்கே முனைவர் பட்டம்.)

வழிகள் மூவகைப்படும். வான்வழி, மேலே கண்டோம். சாலைவழி, பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் மார்க்கம். ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையம் பவானியம்மன் கோயில் கூட்டத்தில் வண்டியின் வேகம் சுழியத்தை நெருங்கும் என்பதால் சூத்திரம் பலிக்காது.

மூன்றாவது ரயில்வழி. ஆய்வின் உயிர்நாடி இதுவே. திருவள்ளூர் பழைய ரயில் ஊர். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையே அதன் வழியாகத்தான் போயிற்று. ஆனால் அது மேற்குப் பாதை. கும்மிடிப்பூண்டி வடக்குப் பாதை. ஒரே மாவட்டத்து ஊர்கள் இரண்டும் சந்திக்க வேண்டுமானால் சென்னைக்குள் வந்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வண்டி மாறவேண்டும். 36 கி.மீ. இங்கே 80ஐத் தாண்டிவிடுகிறது.

பேசின் பிரிட்ஜில் காத்திருக்கும் நேரம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 'இதோ வந்துடும்' என்பது ஒரு பள்ளி (வாய்மொழிச் சான்று, வேர்க்கடலை விற்பவர், முதல் பொட்டலம்). 'போன வண்டியே இன்னும் வரல' என்பது எதிர்ப்பள்ளி (மேற்படி நடைமேடை, மூன்றாம் பெஞ்சு, இடப்பக்கம் சாய்ந்திருந்த பெரியவர், கொட்டாவிக்கு முன் ஒரு பாடமும் பின் ஒரு பாடமும் கிடைக்கின்றன, பின்னதே மூலபாடம் என்பர்). எதிரொலியில் கரைந்துபோன ஒலிபெருக்கி அறிவிப்புக்கு உரையாசிரியர்கள் மூவர். மூவரும் வெவ்வேறு நடைமேடைக்கு ஓடினார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை ஷிப்டுக்குப் போகிறவர்கள் எந்தப் பள்ளியையும் சேராமல், வண்டி நிற்குமுன்பே ஏறி இடம் பிடித்துவிடுகிறார்கள். களஆய்வு செய்வோர் பெரும்பாலும் அவர்களைப் பேட்டி காண்பதில்லை. அவர்களுக்கு நேரம் இல்லை, ஆய்வாளருக்கு உட்கார இடம் இல்லை.

ஒப்பீடு தேவை என்று நெறியாளர்கள் வற்புறுத்துவதால்: சென்னையில் கிளம்பிய விமானம் சுமார் 640 கி.மீ. பறந்து ஏறத்தாழ ஒன்றரை மணியில் கொழும்பில் இறங்கிவிடும். அதே நேரம் திருவள்ளூரில் ரயிலேறியவர் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்திருக்கமாட்டார். கும்மிடிப்பூண்டிக்கு மறுபக்கம், ஏறக்குறைய அதே 36 கி.மீ. தூரத்தில், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருக்கிறது. 2023 ஜூலை 14 அன்று பிற்பகல் 2.35க்கு அங்கிருந்து கிளம்பிய சந்திரயான்-3 சுமார் 16 நிமிடத்தில் ராக்கெட்டை விட்டுப் பிரிந்து புவிச்சுற்றுப்பாதையில் இருந்தது. 16 நிமிடத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பொன்னேரியைத் தாண்டினால் பெரிய காரியம்.

முடிபு: கும்மிடிப்பூண்டிக்கு மாவட்டத் தலைநகரான திருவள்ளூரைவிட விண்வெளி கிட்டே. அங்கே ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மனுவோடு வருகிறவர்கள் கணிப்பானின் 33 நிமிடத்தை நம்பாமல் விடியற்காலையிலேயே கிளம்பிவிடவும்.